"தானாக எழுந்ததால் விழுந்தார்"னு எழுதுறவங்களுக்கு

முதியோர் இல்லம், அசிஸ்டட் லிவிங் நடத்துற நிர்வாகிகளுக்கு வணக்கம்.

எங்கம்மா உங்கள மாதிரி ஒரு இல்லத்துலதான் இருக்காங்க, பேர் வேண்டாம். போன வாரம் ராத்திரி மூணு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவங்க விழுந்துட்டாங்க. சுவத்துக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு கிடந்திருக்காங்க, ஆறரைக்கு காபி கொண்டு வந்த பொண்ணுதான் பாத்துச்சு, எனக்கு போன் வந்தப்ப மணி எட்டு. போய் பாத்தா காலிங் பெல் வயர் கட்டிலுக்குப் பின்னாடி சுருட்டிக் கிடக்கு, பெருக்கும்போது இடைஞ்சலா இருக்குன்னு யாரோ சுருட்டி வச்சதாம். ரிப்போர்ட்ல ஒரே வரி: "உதவி கேட்காமல் தானாக எழுந்ததால் விழுந்தார்." எதை அமுக்கி உதவி கேக்குறது?

வயசானா விழத்தான் செய்வாங்கன்னு மேனேஜர் சொன்னார். பொய் இல்ல, 65 தாண்டினவங்கள்ல சுமார் மூணுல ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழுறாங்க. விழுந்தாலே உங்க தப்புன்னு நானும் சொல்லல, சட்டமும் சொல்லல. அது கேக்குறது வேற, விழுவாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிய வாய்ப்பு இருந்துச்சா, தெரிஞ்சு என்ன செஞ்சீங்க? அம்மா விழுந்தது இது மூணாவது தடவை, முதல் ரெண்டும் அந்த இல்லத்து ஆளுங்க கையெழுத்தோட ஃபைல்லயே இருக்கு. நடுவுல பிரஷர் மாத்திரை டோஸ் கூடுச்சு, தூக்க மாத்திரை புதுசா சேர்ந்துச்சு, ரெண்டுமே எழுந்து நிக்கும்போது ஆள தள்ளாட வைக்கிற மாத்திரை. படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள இன்னொரு தடவை பிரஷர் பாக்கணும், மேல் நம்பர் 20 இறங்கினா டாக்டர்கிட்ட சொல்லணும், இவ்வளவுதான் வேலை. யாரும் பாக்கல. அம்மாவ எப்படிப் பாத்துக்கணும்னு எழுதி வைக்கிற கேர் பிளான்ல முதல் தடவை விழுந்ததுக்கும் முந்தின தேதிதான் இருக்கு.

விழுந்தது அஞ்சு செகண்ட், தரையில கிடந்தது மூணரை மணி நேரம். முதல் அஞ்சு செகண்ட விட எனக்கு அந்த மூணரை மணி நேரம்தான் ஆறல. ஒரு மணி நேரத்துக்கு மேல அசையாம கிடந்தாலே தண்ணிச் சத்து குறையலாம், அழுந்துற இடத்துல தசை சிதைஞ்சு கிட்னி வரைக்கும் பாதிக்கலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தலை அடிபட்டா அன்னிக்கு நல்லாவே பேசலாம், உள்ள கசிவு பல நாள் கழிச்சுகூட தெரியலாம், நல்லாத்தானே இருக்காங்கன்னு விட்டுடாதீங்க.

கேஸ் வரும்னு பயந்து கட்டிலோட கட்டிப் போடுறதும், சைடு கம்பிய ஏத்தி வச்சு அடைக்கிறதும் இன்னும் மோசம். அவசரமா பாத்ரூம் போகணும்னா அந்தக் கம்பியையும் ஏறித்தான் தாண்டுவாங்க, அப்ப விழுறது இன்னும் உயரத்துல இருந்து. ராத்திரி ரெண்டரைக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போய் வந்தா முடிஞ்சுது. அதுக்கு ஆள் வேணும், தெரியும், முப்பது பேருக்கு ஒரே ஒரு பொண்ண நைட் ஷிஃப்ட்ல போட்டுட்டு அந்தப் பொண்ணுக்கே மெமோ குடுக்காதீங்க, ஆள் கணக்கு போட்டது அது இல்ல.

அப்புறம் அட்மிஷன் அன்னிக்கு கையெழுத்து வாங்கின அந்த "விழுந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" பேப்பர். எல்லா ஊர் கோர்ட்டும் அத அப்படியே ஏத்துக்காது, இங்கிலாந்துல 1977-லயே சட்டம் வந்தாச்சு, கவனக்குறைவால உயிருக்கோ உடம்புக்கோ கேடு வந்தா ஒப்பந்தத்த காட்டி நழுவ முடியாது.

எனக்கு இப்ப வேண்டியது, அந்த ரிப்போர்ட்ல பெல் வயர் எங்க கிடந்துச்சு, யார் எத்தனை மணிக்கு கடைசியா எட்டிப் பாத்தாங்கன்னு இருக்கணும். வராண்டா கேமரா பதிவையும் எழுதிக் கேட்டிருக்கேன், பதினஞ்சு நாள்ல தானா அழிஞ்சிடுமாம். இன்னிக்கு ஒன்பதாவது நாள்.