பார்வையற்ற மாணவர்களுக்கும் கணினிப் பாடம் கற்பிக்கக் கோரும் மனு

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்,
ஹட்டன்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் தரம் 9இல் படிக்கிறாள். பிறவியிலேயே கண் தெரியாது. கணினிப் பாடவேளையில் மற்றப் பிள்ளைகள் ஆய்வுகூடத்துக்குப் போக, அவள் வகுப்பில் தனியாக இருப்பாள். திரையைப் பார்க்க முடியாத பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று ஆசிரியர் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த என் தங்கை மகன்தான் எங்களுக்கு வழி காட்டினான். என்விடிஏ என்றொரு மென்பொருள், திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கிறது. இலவசம். பென் டிரைவில் போட்டு விண்டோஸ் கணினியில் நிறுவாமலே ஓட்டலாம், இணையமும் வேண்டாம். அதிலேயே தமிழ்க் குரல் உண்டு. கொஞ்சம் இயந்திரக் குரல்தான், கேட்கக் கேட்கப் பழகிவிடும். விசைப்பலகையின் எஃப், ஜே விசைகளில் இருக்கும் சிறு மேடுகளைத் தடவி மகள் விரலை வைத்தாள். அவள் அம்மா கொழுந்து பறிக்கும்போதும் விரல்தானே பார்க்கிறது! அன்றிரவே தன் பெயரைத் தட்டி, கணினி அதை வாசிக்கக் கேட்டாள்.

அப்புறம் பாடக்குறிப்பில் மாட்டிக்கொண்டோம். அது பாமினி எழுத்துருவில் இருந்தது. கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று இருக்கும் இடத்தில் கணினிக்குக் கிடைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பிள்ளை என்ன படிப்பாள்? ஸ்கேன் செய்த வினாத்தாளோ கணினிக்கு வெறும் படம், அதற்குச் சத்தமே இல்லை.

ஆகவே குறிப்புகளையும் வினாத்தாள்களையும், கணினிக்குள்ளும் தமிழ் எழுத்தாகவே இருக்கும் யூனிகோடில் தரச் சொல்லுங்கள். தவணைப் பரீட்சையில் பாய்ச்சற் கோட்டுப்படம் (ஒரு வேலையின் படிகளைக் கட்டங்களும் அம்புகளுமாகக் காட்டும் படம்) வரையும் கேள்விக்கு, பார்வையற்ற பிள்ளைகள் அதே படிகளைச் சொற்களில் எழுதும் போலிக் குறிமுறையில் விடை எழுத அனுமதியுங்கள். கணினி ஆசிரியர்களுக்கு இந்த மென்பொருளில் ஒருநாள் பயிற்சியும், ஆய்வுகூடத்துக்கு ஒரு இயர்போனும் போதும்.

உடற்குறையைக் காட்டிப் பாடசாலை அனுமதி மறுக்கக் கூடாது என்பது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அனுமதி கிடைத்தது ஐயா, ஆய்வுகூடக் கதவுதான் திறக்கவில்லை. அடுத்த வருடம் தரம் 10. சாதாரண தரத்துக்குப் பாடம் தெரிவு செய்ய வேண்டும். கணினிதான் வேண்டும் என்கிறாள். அதற்குமுன் ஒரு முடிவு தாருங்கள்.

வரச் சொன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பென் டிரைவ் கையில் இருக்கிறது. உங்கள் அலுவலகக் கணினியிலேயே அவள் செய்து காட்டுவாள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
மாணவியின் தந்தை