கையொப்பமிட்ட கடற்படைக் கடிதங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களே, வணக்கம்.

போன மாதம் நாங்கள் விற்ற ஒரு கடிதம் திரும்பி வந்துவிட்டது. போர்க்கால அட்மிரல் ஒருவர் தம் கையால் ஒப்பமிட்டது என்று சொல்லித்தான் விற்றோம். வாங்கியவரிடம் அதே அட்மிரலின் இன்னொரு கடிதமும் இருந்தது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்திருக்கிறார். ஒப்பங்கள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. எந்த மனிதருக்கும் இரண்டு தடவை அப்படிக் கை ஓடாது. இரண்டுமே றப்பர் முத்திரை. (மற்றதை எங்கே வாங்கினார் என்று நாங்கள் கேட்கவில்லை.) காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், வெட்கம்தான் போகவில்லை. இனி எப்படிப் பார்த்து விற்போம் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

கொழும்பில் பெரும்பாலானோர் தேடி வருவது 1942ஐத்தான். அந்த வருடம் மார்ச்சில் பிரித்தானிய அட்மிரல் லேட்டன் இலங்கையின் பிரதம தளபதியானார். பிரித்தானியரின் கிழக்குக் கப்பற்படை அட்மிரல் சோமர்வில்லிடம் இருந்தது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலை. அன்றுதான் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அந்த நாட்களில் எழுதிய ஒரு பக்கம் கிடைத்தால் விலை ஏறத்தான் செய்யும். அதிலும் சோமர்வில் 1949இலேயே காலமாகிவிட்டார். ஓய்வாக உட்கார்ந்து இரசிகர்களுக்குப் பதில் எழுத அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. போர்க்கால ஜெர்மனியின் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் அப்படியல்ல. 1956இல் சிறையிலிருந்து விடுதலையாகி 1980வரை இருந்தார், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் போட்டார். அவருடைய பிற்காலக் கடிதங்கள் மலிவு.

தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டன் விடயத்தில்தான் கடையில் அடிக்கடி வாக்குவாதம். 1944இல் பேராதனைத் தலைமையகத்திலிருந்து போர் பற்றி எழுதியதும், எழுபதுகளில் 'நன்றி' என்று இரண்டு வரி எழுதியதும் ஒரே விலையா? ஒப்பம் ஒன்றுதான், ஆனால் நீங்கள் வாங்குவது கடிதத்தை.

சரி, போலிக்கு வருவோம். தட்டச்சுக் கடிதத்தில் தளபதியின் பெயருக்கு மேலே அவருக்காகச் செயலாளர் ஒப்பமிட்டிருப்பது சாதாரணம். அது போலி அல்ல, ஆனால் தளபதியின் ஒப்பமும் அல்ல. 1942 திகதிக்குக் கீழே போல்பொயின்ட் பேனை ஒப்பம் இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தப் பேனை கடைகளில் பரவியது போர் முடிந்த பிறகு. அப்போதைய ஆங்கிலேயக் கந்தோர்களில் ஃபூல்ஸ்காப், குவாட்டோ அளவுக் கடதாசிதான். ஏ4 வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். புறஊதா விளக்கில் கடதாசி பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தாலும் அப்படியே. வெண்மை கூட்டும் அந்த இரசாயனத்தைப் பரவலாகச் சேர்த்ததும் போருக்குப் பிறகுதான்.

எங்களிடம் முன்பு வாங்கிய எந்தக் கடிதத்தையும் கொண்டு வாருங்கள். விளக்கில் வைத்து இலவசமாகப் பார்த்துத் தருவோம். ஒப்பம் பிழை என்றால் முழுக் காசும் திருப்பித் தருவோம், பற்றுச்சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, எங்கள் கொப்பியில் இருக்கிறது. தயவுசெய்து லெமினேட் செய்துவிடாதீர்கள், அதற்கு மருந்தே இல்லை. துருப்பிடித்த கிளிப் இருந்தால் நீங்கள் இழுக்க வேண்டாம், நாங்கள் கழற்றுகிறோம். அப்புறம், மழை நாளில் வரவே வேண்டாம். கடிதம் வீட்டு அலுமாரியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடையார்,
வெள்ளவத்தை, கொழும்பு 6