பத்தாம் வகுப்பு வரலாற்றுத் திருப்புதல்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

பெறுநர்: பத்தாம் வகுப்பு மாணவ மாணவியரின் பெற்றோர்கள்

பொருள்: சமூக அறிவியல் பொதுத்தேர்வு – வரலாற்றுப் பாடங்களை வீட்டில் திருப்புதல் செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் திருப்புதல் தேர்வின் சமூக அறிவியல் விடைத்தாள்கள் திருத்தப்பட்டுப் பிள்ளைகளிடம் வழங்கப்பட்டுவிட்டன. புவியியலிலும் குடிமையியலிலும் ஓரளவு முன்னேற்றம் தெரிகிறது. வரலாற்றுப் பகுதியில்தான், இரவு வெகுநேரம் கண்விழித்துப் படிப்பதாகத் தாங்கள் எங்களிடம் சொன்ன பிள்ளைகள் சிலரும் எதிர்பார்த்த மதிப்பெண் பெறவில்லை. ஒத்துழையாமை இயக்கத்தைக் காந்தியடிகள் ஏன் நிறுத்தினார் என்று கேட்டதற்குத் தண்டி யாத்திரையை எழுதியவர்கள் பலர். அந்த விடைகளில் வாக்கியங்கள் பாடநூலில் உள்ளபடியே பிழையின்றி இருந்தன. கேட்ட கேள்விக்கு மட்டும் அவை விடையாகவில்லை.

உழைப்பில் குறையில்லை, படிக்கும் முறையில்தான் குறை என்பது எங்கள் ஆசிரியர்களின் கருத்து. எனது கருத்தும் அதுவே. பெரும்பாலான பிள்ளைகள் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள், வண்ணப் பேனாவால் வரி வரியாகக் கோடிடுகிறார்கள். நான்காம் முறை வாசிக்கையில் பக்கம் முழுவதும் பழகியதாகத் தோன்றுவதால், பாடம் மனத்தில் பதிந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். பார்த்தால் தெரிவது வேறு, பாராமல் எழுத வருவது வேறு. தேர்வறையில் வேண்டியது இரண்டாவது திறன். அதற்கான பயிற்சி வீட்டில் நடப்பதே இல்லை.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்னும் உளவியலாளர்கள் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பத்தியை இருமுறை வாசித்தனர். மற்றொரு பிரிவினர் ஒருமுறை வாசித்துவிட்டு, நினைவில் இருந்ததைப் பாராமல் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்தவர்களே முன்னிலையில் இருந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை மாறியது: பாராமல் எழுதியவர்கள் 56 விழுக்காடும், வாசிக்க மட்டும் செய்தவர்கள் 42 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தனர். நம் பிள்ளைகள் எழுதவிருப்பது ஐந்து நிமிடத்தில் வரும் தேர்வன்று.

ஆகவே, ஒரு பாடத்தை ஒருமுறை கவனமாக வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் நினைவில் உள்ள அனைத்தையும் எழுதுமாறு தங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். முழு வாக்கியங்கள் தேவையில்லை. பெயர், ஆண்டு, இடம், காரணம், விளைவு என்று குறிப்பாக இருந்தால் போதும். பின்னர் புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதை வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். மறுமுறை படிக்க வேண்டியது அந்த வேறு நிற வரிகளைத்தான். முதல் சில நாட்கள் தாள் பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கும், பிள்ளை சோர்ந்து போகும். அந்தச் சமயத்தில் கடிந்துகொள்ளாமல் இருப்பதே தாங்கள் செய்யக்கூடிய பேருதவி.

வரலாற்றுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இதில் ஒவ்வொரு நிகழ்ச்சியும் முந்தைய நிகழ்ச்சியிலிருந்து பிறக்கிறது. அந்தத் தொடர்ச்சி பிடிபட்டால் ஆண்டுகள் தாமாகவே வரிசையில் நின்றுவிடும். 1919-இல் விசாரணையின்றிச் சிறையில் அடைக்க ரௌலட் சட்டம் வழிசெய்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பின் நடுவே அவ்வாண்டு ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. அந்தக் கொதிப்பும், துருக்கி கலீபாவின் பதவியைக் காக்க இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கிலாபத் பிரச்சினையும் சேர்ந்து 1920-இல் ஒத்துழையாமை இயக்கத்துக்கு வழிகோலின. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவல் நிலையம் கொளுத்தப்பட்டுக் காவலர்கள் இறந்ததால் காந்தியடிகள் அதை நிறுத்தினார். பின்னர், இந்திய ஆட்சிமுறையை ஆராய ஆங்கில அரசு அமைத்த, இந்தியர் ஒருவர்கூட இல்லாத சைமன் குழுவுக்கு எதிர்ப்பு, 1929 டிசம்பரில் லாகூர் மாநாட்டின் முழு விடுதலைத் தீர்மானம், 1930 மார்ச் 12 அன்று உப்புச் சட்டத்தை மீறச் சபர்மதியிலிருந்து தண்டி நோக்கிய நடைப்பயணம். ஒவ்வொன்றுக்கும் இடையில் "அதனால் என்ன ஆயிற்று?" என்று கேட்டுக்கொண்டே வந்த மாணவி, 1922-க்குரிய விடையில் 1930-ஐ எழுத மாட்டாள்.

இந்தத் தொடரில் நம் பகுதிக்கும் பங்கு உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று, ஜாலியன்வாலா பாக் படுகொலையின் அதே நாளில், ராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் சென்றார்கள். அவர்களுக்கு இடமளிப்போர் மீது கடும் நடவடிக்கை பாயும் என்று அன்றைய தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தும், வழியிலுள்ள ஊர்மக்கள் வரவேற்று உணவளித்தார்கள். நம் பிள்ளைகள் பேருந்தில் போய்வரும் சாலைகள்தாம் இவை. வேதாரண்யம் செல்ல நேர்ந்தால் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூணைக் காட்டுங்கள். இயலாதவர்கள் நிலப்படத்தில் அந்த வழியை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஊர்ப்பெயர்களோடு சேர்ந்த விடை எளிதில் மறக்காது.

காலக்கோட்டு வினாவைப் பலர் கடைசி நேரத்துக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். அது வீண். இருபதாண்டுக் காலத்துக்கு ஒரு கோடு போட்டு, ஐந்து நிகழ்ச்சிகளைப் பாராமல் குறிக்க ஐந்து நிமிடம் போதும். அதை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் அந்த மதிப்பெண்ணோடு மற்ற விடைகளில் ஏற்படும் ஆண்டுக் குழப்பமும் தீரும்.

தமிழகத்தின் தொடக்ககாலக் கிளர்ச்சிகள் பாடத்தில் குழப்பம் வேறு வகையானது. அங்கே நிகழ்ச்சிகள் ஒரே சாயலில் இருப்பதால் ஒருவர் கதை இன்னொருவர் கதையோடு கலந்துவிடுகிறது. 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவர் கட்டபொம்மன். 1801-இல் திருச்சிராப்பள்ளிப் பிரகடனம் வெளியிட்டு, அவ்வாண்டே திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டவர்கள் மருது சகோதரர்கள். 1806-இல் வேலூரில் எழுந்தவர்கள் பாளையக்காரர்கள் அல்லர். புதிய தலைப்பாகையும், சமயக் குறிகள் அணியக் கூடாதென்ற ஆணையும் சினமூட்டிய கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள். யார், எங்கே, எதற்காக, முடிவு என்ன என்னும் நான்கு கட்டங்களில் இவர்களை அருகருகே எழுதிப் பார்ப்பது, ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று பக்கம் ஒப்பிப்பதைவிடப் பயன் தரும்.

வரலாற்றில் பத்துப் பாடங்கள் உள்ளன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வரலாற்றுக்கே கொடுத்துவிட்டு அடுத்த மூன்று வாரம் அதைத் தொடாமல் விடுவதைக் காட்டிலும், நாளுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குவது நல்லது. திங்களன்று எழுதிப் பார்த்த பாடத்தை வியாழனன்று மீண்டும் பாராமல் எழுதி, அடுத்த வாரம் இன்னொருமுறை எழுதினால் போதுமானது. எட்டு மதிப்பெண் வினா ஒன்றையேனும் வாரந்தோறும் கடிகாரத்தைப் பார்த்து, உட்தலைப்புகளோடு முழுமையாக எழுத வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் தங்களில் சிலர், "எனக்குப் படிப்பறிவு இல்லை, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்டீர்கள். சொல்லிக்கொடுப்பது எங்கள் பணி. தாங்கள் கேட்டால் போதும். இரவு உணவு வேளையில், இன்று என்ன படித்தாய், அது ஏன் நடந்தது, பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். பாட்டியோ தாத்தாவோ உடனிருந்தால் அவர்களுக்கு விளங்கும்படி சொல்லச் சொல்லுங்கள். விடை சரியா தவறா என்று தங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை; எந்த இடத்தில் பிள்ளை தடுமாறுகிறது என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தை நோட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னால் மறுநாள் ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

கைடு புத்தகங்கள் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. பாடநூலும், பாடத்தின் பின்னுள்ள வினாக்களும், முந்தைய பொதுத்தேர்வு வினாத்தாள்களும் போதுமானவை. கைபேசி படிக்கும் நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும். தேர்வுக்கு முந்தைய இரவு உறக்கத்தைக் குறைத்துப் படிக்க அனுமதிக்காதீர்கள்.

பொதுத்தேர்வு வரை சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 12 மணி வரை வரலாற்று ஐயங்களுக்கென்று சமூக அறிவியல் ஆசிரியர்கள் பள்ளியில் இருப்பார்கள். தங்கள் பிள்ளை அந்த வாரம் பாராமல் எழுதிய தாள்களையும் தடுமாற்றங்களைக் குறித்த நோட்டையும் கையோடு கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பேருந்து வசதி சிக்கலாக இருந்தால், வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவிக்கவும். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலையில் நேரம் ஒதுக்கித் தரப்படும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்