மாலபே இலகு ரயில்: ஒரு தலைக்கு எவ்வளவு?

மாண்புமிகு போக்குவரத்து அமைச்சருக்கும் அமைச்சின் திட்டமிடல் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மாலபேக்குப் பக்கத்தில் தலாஹேனவில் குடியிருந்து கொழும்பு கோட்டைக்கு வேலைக்குப் போய்வருகிறவன் நான். காலையில் 190 பஸ். "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கொண்டக்டர் கத்துவார். முன்னால் போக இடம் இருந்தால்தானே போவதற்கு? மாலபே–கோட்டை இலகு ரயில் வந்தால் எனக்கு நேரடி லாபம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை அந்தத் தள்ளுபடியோடு வாசியுங்கள்.

2020 செப்டெம்பரில், அப்போதைய ஜனாதிபதியின் செயலாளர் எழுதிய கடிதம் ஒன்றோடு இந்தத் திட்டம் நின்றது. செலவு 1.5 பில்லியன் டொலர், கொழும்புக்கு இது கட்டுபடியான தீர்வு அல்ல என்பது காரணம். 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள். வகுத்துப் பார்த்தால் கிலோமீற்றருக்குச் சுமார் 96 மில்லியன் டொலர் வருகிறது. கடவத்தை–மீரிகம அதிவேகப் பாதை 37 கிலோமீற்றர். அதற்கு 2019இல் சீனாவிடம் எடுத்த கடன் 989 மில்லியன், கிலோமீற்றருக்கு 27 மில்லியன். இப்படிப் பார்த்தால் ரயில் தோற்றுத்தான் போகும். ஆனால் கிலோமீற்றரா காலையில் வேலைக்குப் போகிறது? ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேரைக் கொண்டுபோகும் என்பதல்லவா கேள்வி?

என் கணக்கு இது, பிழை இருந்தால் திருத்துங்கள். சிக்னல் உள்ள நகர வீதியில் ஒரு தடத்தில் மணிக்கு 700 கார் போகிறது என்று வையுங்கள். காருக்கு ஒன்றரைப் பேர், ஆயிரத்துச் சொச்சம். அதே தடத்தைப் பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கி, அரை நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 70 பேர் என்றால் 8,400. நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில், ரயிலுக்கு 800 பேர் என்றால் 12,000.

இலகு ரயிலை ஆதரிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், நான் உட்பட. பஸ் தடத்துக்கும் ரயிலுக்கும் இடையே கடதாசியில் இருப்பது 3,600 பேர்தான். அதற்கு 1.5 பில்லியனா என்று கேட்டால் நியாயமான கேள்விதான்.

கடதாசியை விட்டுப் பொரளைச் சந்திக்கு வாருங்கள். சிக்னல் ஒருமுறை சுற்றி வர இரண்டு நிமிடம் என்றால் நான்கு பஸ் சேர்ந்து வரும். தரிப்பில் ஒழுங்காக நிற்க இரண்டுக்குத்தான் இடம். முன்னால் உள்ளவர் ஆள் நிரம்பும் வரை அசையமாட்டார். பின்னால் உள்ளவர் அவரை முந்தி நடுவீதியில் இறக்குவார். அன்றைய வசூலில்தான் அவர்கள் பிழைப்பு, அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அந்த 8,400 பாதியாகக் குறைவது இங்கேதான். தூணின் மேல் ஓடும் ரயிலுக்குப் பொரளைச் சந்தி கிடையாது. நாம் காசு கொடுப்பது பெட்டிக்கோ தண்டவாளத்துக்கோ அல்ல, அந்தச் சந்தியைத் தாண்டுவதற்கு. ராஜகிரியவில் 2018இல் மேம்பாலம் திறந்தீர்கள். ஒரு சந்தியில் நின்ற வாகனங்கள் அடுத்த சந்தியில் போய் நின்றன.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ரயிலுக்காக 2019 மார்ச்சில் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவுடன் கையெழுத்தான கடனின் முதல் கட்டம் 30.04 பில்லியன் யென். வட்டி 0.1 சதவீதம், 40 வருடம், முதல் 12 வருடம் அசல் கட்டத் தேவையில்லை. அந்தக் கட்டம் முழுவதற்கும் வருட வட்டி சுமார் 30 மில்லியன் யென். யென் இரண்டு ரூபா என்று வைத்தால் 60 மில்லியன் ரூபா. நம் நாட்டு வங்கியில் வீட்டுக் கடன் எடுத்தவர்கள் இந்த வட்டியைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இலவசம் என்று சொல்லவில்லை. இந்த வகைக் கடனில் ஜப்பானியக் கம்பனிகளே முதன்மை ஒப்பந்தக்காரர்களாக வருவார்கள், பொருட்களிலும் கணிசமான பங்கை அங்கிருந்து வாங்க வேண்டும். போட்டி குறைந்தால் விலை ஏறும். வட்டியில் விட்டதை விலையில் பிடித்துக்கொள்வார்கள். 1.5 பில்லியனில் அந்தப் பங்கு எவ்வளவு என்றுதான் 2020இல் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் மொத்தத்தையே தூக்கி எறிந்தார்கள். பிறகு 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றது; 2023இல் இன்னொரு ஜனாதிபதி டோக்கியோ போய், திட்டத்தை நிறுத்தியதற்கு வருத்தம் தெரிவித்தார்.

அந்த நிபந்தனையில் கடன் மறுபடி கிடைத்தால் இந்தப் பாதையைக் கட்டுங்கள் என்பேன். வணிக வட்டிக்கு டொலர் கடன் என்றால் வேண்டாம். எனக்கு லாபம் இருந்தும் வேண்டாம் என்கிறேன்.

எதில் கையெழுத்து வைப்பதானாலும் அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பாடசாலை நாளில், காலை 7 முதல் 9 வரை, ஆயுர்வேதச் சந்தியைக் கடந்து கொழும்புக்குள் போகிறவர்களை எண்ணுங்கள். வாகனங்களை அல்ல, ஆட்களை. எத்தனை பேர் பஸ்ஸில், எத்தனை பேர் காரில், எத்தனை பேர் மோட்டார் சைக்கிளில் என்று பிரித்து மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். பஸ்ஸுக்குத் தனித் தடம் போடக் கடன் தேவையில்லை. பெயின்ற்றும் பொலிஸும் போதும். அதை ஒரு வருடம் விடாமல் நடத்தி, திரும்பவும் எண்ணுங்கள். அதற்குப் பிறகும் தரிப்பில் ஏற முடியாமல் நிற்கிறவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்குத்தான் ரயில். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
190 பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற ஒருவன்