பெட்டியில் லோகோ மட்டும் போதாது: ஆடியோ இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மைக்கின் ஒலியைக் கணினிக்குள் பதிவு செய்ய உதவும் ஆடியோ இன்டர்ஃபேஸின் பெட்டிகளில் 'விண்டோஸ், மேக்' என்று போட்டிருக்கிறீர்கள். வாங்குபவர் அறிய வேண்டியவை வேறு இரண்டு: யூஎஸ்பி வழியே ஒலியை அனுப்புவதற்கான பொது நெறிமுறையான யூஎஸ்பி ஆடியோ கிளாஸின் எந்தப் பதிப்பில் கருவி இயங்குகிறது? உங்கள் மென்பொருள் இல்லாவிட்டால் அதில் எவையெல்லாம் வேலை செய்யாது? இவ்விரண்டையும் அச்சிடுங்கள்.

முதல் பதிப்பு 1998-இல் வந்தது. எல்லா இயங்குதளங்களுக்கும் அது தெரியும். ஆனால் அந்தக் கருவிகள் வழக்கமாக ஓடும் நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில், ஒரு மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட்தான், அதில் 1023 பைட்தான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஸ்டீரியோவுக்கு 576 பைட் பிடிக்கும். நான்கு சேனல் என்றால் 1152, நுழையாது. அதனால்தான் இரண்டாம் பதிப்பு தேவைப்பட்டது. மேக்கும் லினக்ஸும் அதை 2010 வாக்கிலேயே ஏற்றுக்கொண்டன. விண்டோஸுக்கு அது 2017-இல், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில்தான் வந்தது. அப்போது வந்த டிரைவரிலும் (இயங்குதளம் கருவியோடு பேச உதவும் மென்பொருள்) ஏசியோ, அதாவது ஒலிப்பதிவு மென்பொருள் குறைந்த தாமதத்தில் கருவியோடு பேசும் வழி, கிடையாது. ஆக, விண்டோஸுக்கு நீங்கள் தனி டிரைவர் எழுதியதில் தவறில்லை.

அந்த டிரைவரை மட்டுமே நம்பிக் கருவியைச் செய்வதுதான் சிக்கல். ஏஆர்எம் வகைச் சிப் கொண்ட விண்டோஸ் மடிக்கணினியில், இன்டெல் வகைச் சிப்புக்கு எழுதிய பழைய ஆப்கள் எமுலேஷனில் (அந்தச் சிப்பைப் போல நடித்து) ஓடும். இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஓடும் டிரைவர் அப்படி ஓடாது, ஏஆர்எம்64-க்கென்றே தொகுத்துத் தர வேண்டும். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் உங்கள் டிரைவரைக் கர்னல் எக்ஸ்டென்ஷனாகச் சேர்க்க, கணினியை அணைத்து, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து ரெகவரிக்குள் போய், பாதுகாப்பு அளவைக் குறைத்து, மறுபடி துவக்கி, சிஸ்டம் செட்டிங்ஸில் அனுமதி கொடுத்து, இன்னொரு முறை துவக்க வேண்டும். இரண்டு மைக் ஒலிப்பதிவுக்கு இவ்வளவு தேவையா?

லினக்ஸில், கருவி தன்னைப் பற்றிக் கணினிக்குத் தரும் விவரக் குறிப்பான டிஸ்கிரிப்டரைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். இன்டர்ஃபேஸ் கிளாஸ் 1 என்றிருந்தால் பொது நெறிமுறை; 255 என்றால் உங்கள் சொந்தச் சரக்கு. 1 என்று இருந்தும் சில கருவிகளில் விட்டுவிட்டு 'டிக்' சத்தம் வரும். கருவியின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. எத்தனை சாம்பிள் அனுப்ப வேண்டும் என்பதைக் கருவிதான் ஃபீட்பேக் மூலம் சொல்ல வேண்டும். கருவி கணினிக்கு அனுப்பும் பதிவு ஓடையையே ஃபீட்பேக்காகப் பயன்படுத்திவிட்டு, டிஸ்கிரிப்டரில் அதைக் குறிக்காமல் விட்டால் லினக்ஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்? அப்படிப்பட்ட மாடல்களுக்காகவே கர்னலில் ஒரு விதிவிலக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். டிஸ்கிரிப்டரை ஒழுங்காக நிரப்பியிருந்தால் அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது.

இதைவிட எரிச்சலூட்டுவது, 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' (பொது நெறிமுறையில் இயங்குவது) என்று எழுதிவிட்டு, கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் ஃபேன்டம் பவரையும், மைக் ஒலியின் அளவைக் கூட்டும் கெயினையும் உங்கள் கன்ட்ரோல் மென்பொருளுக்குள் பூட்டி வைப்பது. ஐபேடில் செருகினால் கருவி தெரிகிறது, கண்டென்சர் மைக் மட்டும் ஊமையாக இருக்கிறது. முன்பக்கத்தில் ஒரு பொத்தான், ஒரு திருகு; இவை போதும். மிக்ஸர், ரூட்டிங் ஆகியவற்றை மென்பொருளில் வைக்க வேண்டுமென்றால், கடைசியாகச் செய்த அமைப்பு கருவியின் நினைவகத்தில் தங்கட்டும். ஆர்எம்ஈ நிறுவனம் தன் பேபிஃபேஸ் ப்ரோ இன்டர்ஃபேஸில் பொது நெறிமுறைக்கென்றே தனி முறை வைத்திருக்கிறது. செய்ய முடியாத காரியம் அல்ல.

ஃபர்ம்வேரை (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) புதுப்பிக்கும் விஷயமும் இப்படித்தான். யூஎஸ்பியிலேயே அதற்கு டிஎஃப்யூ என்ற பொது வழி உண்டு. அதைப் பின்பற்றி, கோப்பை, லினக்ஸ் கணினிகளுக்கு ஃபர்ம்வேர் வழங்கும் எல்விஎஃப்எஸ் களஞ்சியத்தில் ஏற்றினால் லினக்ஸ் பயனர் விண்டோஸ் கணினியை இரவல் கேட்டு அலைய வேண்டியதில்லை.

விற்பனையை நிறுத்திய மாடல்களுக்குப் புதிய டிரைவர் எழுதுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவற்றின் கட்டுப்பாட்டுக் கட்டளைகளை ஒரு பிடிஎஃப் ஆவணமாக வெளியிட்டுவிடுங்கள். மீதியை எழுத ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சிறிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்குக் கணினி அமைத்துத் தருபவர்கள்