மூணு தடவ சர்வீஸ் பண்ணியும் கிட்டார் சுருதி நிக்கல, பிரிட்ஜ மாத்திக் குடுங்க

ஐயாவுக்கு வணக்கம்,

பெகுல இருந்து எழுதுறேன். தை மாசம் ரங்கூன்ல உங்க கடைக்கு அப்பாவோட வந்து 13 லட்சம் கியாட் குடுத்து ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்குனேன், டபுள் லாக்கிங் ட்ரெமலோ பிரிட்ஜ் வெச்சது, அதான் கம்பிய ரெண்டு முனையிலயும் பூட்டிட்டு, பார்ங்கிற கைப்பிடிய அமுக்கி இழுத்து சுருதிய எறக்கி ஏத்துறது, பில்லு பத்திரமா இருக்கு. அதுக்கப்புறம் இந்த ஒரு கிட்டாருக்காகவே மூணு தடவ 50 மைல் பஸ்ல வந்துட்டேன் ஐயா.

மொதல்ல வந்தது இரைச்சலுக்கு. ஆம்ப் போட்டதுமே ஸ்ஸ்ர்ர்னு ஒரே சத்தம், கம்பியில கை வெச்சா குறையணும்ல, குறையவே இல்ல. உங்க ஆளு "ஜெனரேட்டர் கரண்ட்டுல அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டு புது ஸ்ட்ரிங் மாட்டி அனுப்பிட்டாரு. ஆனா அதே ரூம்ல அதே ஆம்ப்ல அதே ஒயர்ல என் தம்பியோட பழைய கிட்டார் கம்முனு இருக்கு, அப்ப கரண்ட்ட எப்படி குத்தம் சொல்றது? வீட்டுக்கு வந்து மல்டிமீட்டர வெச்சு ஜாக்குக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல பாத்தேன், பீப் வரவே இல்ல. பின்னாடி மூடிய கழட்டுனா, ஸ்பிரிங் மாட்டுற தகட்டுல பத்த வெச்சிருக்க வேண்டிய எர்த் ஒயரு அந்தரத்துல தொங்குது, நுனியில உருண்டையா ஈயம், ஆனா தகட்டுல ஒட்டவே இல்ல. நானே தகட்ட சுரண்டி நல்லா சூடு காட்டி பத்த வெச்சேன், இரைச்சல் போயிருச்சு. அஞ்சு நிமிஷ வேல ஐயா.

கம்பிய அமுக்கி நிறுத்துனதுக்கு அப்புறமும் பின்னாடி ஸ்பிரிங் கிய்ய்ங்னு பாடிக்கிட்டே இருந்துச்சு, அதுக்கு துண்டு ஸ்பாஞ்ச் சொருகிட்டேன். பார் லொடலொடன்னு ஆடுனதுக்கு தண்ணி பைப்புக்கு சுத்துற வெள்ள டேப்ப மரையில சுத்துனேன். இதெல்லாம் எல்லா கிட்டார்லயும் வர்றதுதான், உங்கள கேக்கல.

நான் கேக்குறது சுருதிய. வாங்குன புதுசுல சுருதி நல்லாத்தான் நின்னுச்சு. அந்த மொத சர்வீஸ் அன்னிக்கு உங்க மெக்கானிக் கம்பிய ஒண்ணுகூட தளத்தாம, ஆறு கம்பியும் முழு இழுப்புல இருக்கும்போதே ஆலன் கீ போட்டு பிரிட்ஜ தாங்குற ரெண்டு போஸ்ட்டையும் திருகி ஹைட்ட எறக்குனாரு, நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன், ஏதோ தெரிஞ்சவரு செய்யிறாருன்னு சும்மா இருந்துட்டேன். அந்த பிரிட்ஜ் கத்தி முனை மாதிரி ரெண்டு விளிம்புலதான் போஸ்ட்ட தொட்டு நிக்குது, அவ்ளோ இழுப்புல திருகுனா அந்த முன தேஞ்சு போகும்ல.

அன்னிலேந்து பார அமுக்கி விட்டா ஆறு கம்பியும் ஒண்ணா 10 சென்ட், அதாவது அரை சுரத்துல பத்துல ஒரு பங்கு, எறங்கி நிக்குது, மேல இழுத்து விட்டா ஆறும் ஒண்ணா ஏறி நிக்குது. ஒரு கம்பி மட்டும் போனா அந்தக் கம்பிய பாக்கலாம், ஆறும் சேந்து போனா பிரிட்ஜ் பழைய எடத்துக்கு திரும்பி வரலன்னுதான அர்த்தம்? கழுத்தோட மேல் முனையில கம்பி உக்காருற நட்டுலயோ பூட்டு இறுக்கமா இருக்கு. இத ரெண்டாவது தடவ வந்து சொன்னேன், மறுபடி புது ஸ்ட்ரிங். மூணாவது தடவையும் ஸ்ட்ரிங், கூடவே "தம்பி பார கம்மியா யூஸ் பண்ணுங்க"ன்னு ஒரு அட்வைஸ். பாருக்காகத்தான ஐயா இந்த கிட்டாரையே வாங்குனேன்.

போன மாசம் சித்தப்பா மக கல்யாணத்துல வாசிச்சேன். கீபோர்டு சுருதி மாறாது, நான் ஒரே ஒரு தடவ பார அமுக்குனேன், அடுத்த கார்டுலேயே ரெண்டுக்கும் சேரல, பாடுன அக்கா திரும்பி என்னப் பாத்தாங்க. மிச்ச பாட்டெல்லாம் பார கழட்டி பைக்குள்ள வெச்சுட்டு வாசிச்சேன்.

நேத்து கம்பிய எல்லாம் எடுத்துட்டு பிரிட்ஜ கழட்டி போன் டார்ச் அடிச்சு பாத்தேன். தடிக் கம்பி பக்கத்து முனையில கடிச்சு எடுத்த மாதிரி ஒரு பள்ளம், நகத்த வெச்சு இழுத்தா அங்க தட்டி நிக்குது. அந்தப் பக்கத்து போஸ்ட்டுலயும் கீறல் வளையமா விழுந்திருக்கு. போட்டோ நாலு சேத்து அனுப்புறேன், தயவுசெஞ்சு பெருசாக்கி பாருங்க.

எண்ணெ போட்டோ அரம் வெச்சு தேச்சோ குடுத்தா வாங்க மாட்டேன். பிரிட்ஜும் ரெண்டு போஸ்ட்டும் புதுசா மாத்திக் குடுங்க, மாத்தும்போது கம்பிய தளத்திட்டு ஹைட் வெக்கச் சொல்லுங்க. ஸ்டாக் இல்லன்னா கிட்டார எடுத்துக்கிட்டு பணத்த குடுத்துருங்க. மூணு தடவ ஸ்ட்ரிங்குக்கு வாங்குன காசும் திரும்ப வேணும், அதுல ஒரு தடவகூட கோளாறு ஸ்ட்ரிங்குல இல்ல. அடுத்த வெள்ளிக்கெழம ரங்கூன் வர்றேன், அதுக்குள்ள என்ன செய்வீங்கன்னு ஒரு போன் பண்ணி சொல்லுங்க ஐயா, இன்னொரு வெட்டி பஸ் செலவு என்னால முடியாது.

இப்படிக்கு,
பெகுல இருந்து உங்க கஸ்டமர்