மெக்கே மீது பாய்ந்த குண்டு

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். 1935ஆம் ஆண்டு வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'ஜி-மென்' படத்தைப் பற்றிப் போன வாரம் பேச்சு வந்தபோது, அமெரிக்க அரசின் குற்றப் புலனாய்வு முகவர்களுக்காக எடுத்த விளம்பரப் படம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கேயே மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் படத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று விட்டுவிடவும் முடியவில்லை.

நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. 1931இல் வந்த 'தி பப்ளிக் எனிமி'யில் காதலியின் முகத்தில் கிரேப்ஃப்ரூட் பழத்தைத் தேய்த்த ரவுடியாக நடித்தவர்தான் இந்தப் படத்தின் நாயகன் ஜேம்ஸ் காக்னி. 1934 ஜூலையில் தணிக்கை விதிகள் இறுகிய பிறகு, கொள்ளைக்காரனை நாயகனாக வைத்துப் படமெடுப்பது கடினமாகிவிட்டது. எனவே அதே காக்னியை, அதே துள்ளல் நடையோடும் வெடுக்கென்ற பேச்சோடும் சட்டத்தின் பக்கம் நிறுத்தினார்கள். வங்கிக் கொள்ளையை மத்திய அரசே விசாரிக்கும் கூட்டாட்சிக் குற்றமாக்கி, முகவர்களுக்குத் துப்பாக்கி ஏந்தவும் கைது செய்யவும் அதிகாரம் தந்த சட்டங்கள் 1934 மே, ஜூன் மாதங்களில்தான் நிறைவேறியிருந்தன. அவற்றுக்கு இந்தப் படம் தெளிவாகவே கொடி பிடிக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மெக்கேயை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை, அண்ணா. காக்னி நடித்த பிரிக் டேவிஸ் ஒரு வழக்கறிஞன். அவனைப் படிக்கவைத்தது நிழலுலகப் புள்ளியான மெக்கேயின் பணம். நண்பன் எடி சுட்டுக் கொல்லப்பட்டதால் பிரிக் முகவர் வேலையில் சேரும்போது, மெக்கே தடுக்கவில்லை. தானும் தொழிலைவிட்டு ஒதுங்கிக் காட்டோரத்தில் ஒரு விடுதியோடு அமைதியாக வாழப் போகிறார். பழைய கூட்டாளிகள் அந்த விடுதியிலேயே வந்து புகுந்து அவரைப் பிணையாகப் பிடித்துவைக்க, முகவர்கள் சுற்றி வளைக்க, கொள்ளையர்கள் அவரைக் கேடயமாக முன்னே தள்ள, பிரிக் சுட்ட குண்டு அவர் மீதே பாய்கிறது. செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வோமே, அதை ஒருவன் இதைவிடக் கொடுமையாகத் தீர்க்க முடியுமா? மெக்கே அவனை மன்னித்துவிட்டுத்தான் சாகிறார். அந்த மன்னிப்பைத் தாங்க முடியாமல் பிரிக் வேலையையே உதற முற்படுகிறான்.

அந்த விடுதிச் சண்டைக்குப் பின்னால் ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. 1934 ஏப்ரல் 22 அன்று இரவு, விஸ்கான்சின் மாநிலத்தில் லிட்டில் பொகீமியா என்ற விடுதியில் வங்கிக் கொள்ளையன் ஜான் டில்லிஞ்சரின் கும்பல் தங்கியிருப்பதாகத் தகவல் கிடைத்து முகவர்கள் போனார்கள். விடுதியிலிருந்து காரில் கிளம்பிய மூன்று சாதாரண ஆட்களைக் கொள்ளையர்கள் என்று நினைத்துச் சுட்டார்கள்; ஒருவர் இறந்தார், இருவர் காயமடைந்தார்கள். அன்றிரவே ஒரு முகவரை அந்தக் கும்பலைச் சேர்ந்த 'பேபி ஃபேஸ்' நெல்சன் சுட்டுக் கொன்றான். டில்லிஞ்சரும் ஆட்களும் தப்பிவிட்டார்கள்.

படத்தில் இது அரசுக்குச் சாதகமாக மாற்றப்பட்டிருக்கிறது. அங்கே கும்பல் தலைவன் காலின்ஸைத் தவிர மற்ற கொள்ளையர்கள் எல்லாரும் மடிகிறார்கள். விளம்பரம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், அந்த இரவில் தவறான ஆள் செத்த கதையைச் சுவடின்றித் துடைத்துவிட்டிருக்கலாம். இயக்குநர் வில்லியம் கீலியின் படத்தில் அது வேறு உருவில் தங்கிவிட்டது. அங்கும் சாகக்கூடாத ஒருவர் அரசின் குண்டுக்குப் பலியாகிறார்; சுட்டவன் நாயகன்; செத்தவர் அவனை ஆளாக்கியவர்.

காலின்ஸின் மனைவியாக ஆன் டுவோராக் நடித்த ஜீனையும் மறந்துவிடாதீர்கள். விடுதி இருக்கும் இடம் அவள் வாய்தவறிச் சொன்ன வார்த்தையிலிருந்துதான் முகவர்களுக்குத் தெரிகிறது. கடைசியில் காலின்ஸின் மறைவிடத்தைப் பிரிக்கிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணவன் கையாலேயே சுடப்படுகிறாள். அவளுக்கு எந்தப் பதக்கமும் இல்லை.

1949இல் இந்தப் படத்தை மறுபடி வெளியிட்டபோது, முன்னால் ஒரு சிறு காட்சி சேர்த்தார்கள்: புதிதாகச் சேர்ந்த முகவர்களை உட்காரவைத்து அதிகாரி ஒருவர் இதே படத்தைப் போட்டுக் காட்டுகிறார். உங்கள் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்று கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த இளைஞர்களும் மெக்கே சாவதைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? அடுத்த முறை ஊருக்கு வரும்போது படத்தைக் கொண்டுவருகிறேன். விடுதிக் காட்சி வரைக்குமாவது என்னோடு உட்கார்ந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி